குனிந்தே நடக்கும் அப்பா: ஸ்டெனோசிஸ் ஆபரேஷனுக்குப் பிறகு முதுகு நிமிருமா?

நீலக்குறிஞ்சி (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம். அப்பாவுக்கு 69 வயது. இரண்டு வருடமாக நடை சுருங்கிக்கொண்டே வந்து, இப்போது 200 மீட்டர்கூடத் தாண்டுவதில்லை. அதற்குள் இரண்டு பின்தொடையும் கனத்து, கெண்டைக்கால் வரை மரத்துப்போய்விடுகிறது. உட்கார்ந்தால் இரண்டு மூன்று நிமிடத்தில் சரியாகிவிடும். மறுபடி எழுந்து நடந்தால் பழைய கதைதான்.

எம்.ஆர்.ஐ. எடுத்தோம். கீழ்முதுகின் நான்காவது, ஐந்தாவது எலும்புக்கு நடுவில் (எல்4-எல்5) தண்டுவடக் குழாய் ரொம்பவே குறுகியிருக்கிறது, இதைத்தான் ஸ்டெனோசிஸ் என்கிறார்கள். எல்3-எல்4 நடுத்தரம். எல்4 எலும்பு கொஞ்சம் முன்னால் நகர்ந்தும் இருக்கிறதாம். ஒரு டாக்டர், நரம்பை அழுத்தும் எலும்பைச் செதுக்கி இடம் கொடுத்தால் (டிகம்ப்ரஷன்) போதும் என்கிறார். இன்னொருவர், நகர்ந்திருப்பதால் ஸ்க்ரூ வைத்து இரண்டு எலும்பையும் இணைத்துவிட (ஃப்யூஷன்) வேண்டும் என்கிறார்.

அப்பா இருவரிடமும் ஒரே கேள்விதான் கேட்டார்: "நான் பழையபடி நிமிர்ந்து நடப்பேனா?" ஒருவர் கால்வலி குறையும் என்றார், மற்றவர் ஸ்க்ரூ உறுதியாக இருக்கும் என்றார். கேட்டதற்குப் பதில் வரவில்லை. அப்பா நல்ல உயரம், விறைப்பாக நடப்பவர். இப்போது இடுப்பிலிருந்து முன்னால் மடிந்தபடிதான் எப்போதும். வலியைவிட அந்தக் கூன்தான் அவரை அதிகம் வருத்துகிறது. அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

நெடுநடை

உங்கள் அப்பா சொல்வது எனக்கு அப்படியே தெரியும் அம்மா. எனக்கு 63 வயதில் எல்3-எல்4, எல்4-எல்5 இரண்டு இடத்திலும் டிகம்ப்ரஷன் செய்தார்கள். ஐந்து வருடம் ஆகிறது. ஸ்க்ரூ இல்லை.

ஆபரேஷனுக்கு முன்னால் பத்து நிமிடம் நிற்க முடியாது, ஆனால் ஒரு மணி நேரம் சைக்கிள் ஓட்டுவேன். வீட்டில் யாரும் நம்பவில்லை. சைக்கிளில் முன்னால் குனிந்திருப்பதால்தான் வலிக்கவில்லை என்று பிறகுதான் புரிந்தது. தள்ளுவண்டியின் கைப்பிடியில் சாய்ந்துகொண்டால் எவ்வளவு தூரமும் நடப்பேன், கையை எடுத்தால் கால் கனக்கும்.

மறுநாள் காலையில் என்னை எழுப்பி நிற்க வைத்தபோது கால் லேசாக இருந்தது. அதை எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை, நின்றுகொண்டே அழுதேன். வெட்டிய இடத்து வலி ஆறு வாரம் இருந்தது. வலது பாதத்து மரமரப்பு இன்றும் கொஞ்சம் இருக்கிறது.

கூன் விஷயம்: அது மாறியதை நான் கவனிக்கவே இல்லை. மூன்று மாதம் கழித்து மனைவிதான், "இப்பெல்லாம் என் முகத்தைப் பாத்துப் பேசறீங்க, முன்ன தரையப் பாத்துல்ல பேசுவீங்க" என்றாள். யாரும் என்னை நிமிரச் சொல்லவில்லை. குனிய வேண்டிய தேவை போனதும் உடம்பு தானாக எழுந்துவிட்டது.

அசைவு (பிசியோதெரபிஸ்ட்)

நெடுநடை ஐயா சொன்ன கடைசி வரிதான் விஷயத்தின் மையம். கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன்.

கீழ்முதுகுக்கு இயல்பாகவே உள்நோக்கிய ஒரு வளைவு உண்டு. நிமிர்ந்து நிற்கும்போதும் பின்னால் சாயும்போதும் அந்த வளைவு கூடும். அப்போது குழாயின் பின்சுவரில் இருக்கும் மஞ்சள் தசைநார் மடங்கி உள்ளே பிதுங்கும், எலும்புகளுக்கு நடுவில் மெத்தைபோல இருக்கும் டிஸ்கும் சற்றுப் பின்னால் தள்ளும், பக்கத்தில் நரம்பு வெளியேறும் துளைகளும் சிறுக்கும். முன்னால் குனிந்தால் எல்லாம் தலைகீழ்: தசைநார் இழுபட்டு மெலியும், குழாய் அகலும், நரம்புக்கு இரத்த ஓட்டம் திரும்பும். நோயாளிகளின் குழாய்க்குள்ளேயே அழுத்தத்தை அளந்து பார்த்த ஆய்வு 1995-இல் ஜப்பானில் வந்தது. படுக்கையில் அழுத்தம் குறைவு, நின்றுகொண்டு பின்னால் சாய்ந்தால் மிக அதிகம்.

அதனால் ஸ்டெனோசிஸ்காரர் குனிவது சோம்பலோ வயதோ காரணமாக அல்ல. நரம்புக்கு மூச்சுவிட இடம் கொடுக்க உடம்பு கண்டுபிடித்த வழி அது. ஒரு வேண்டுகோள்: வீட்டில் யாரும் அவரை "நிமிர்ந்து நில்லுங்கள்" என்று சொல்லிக்கொண்டே இருக்காதீர்கள். என்னிடம் வரும் முக்கால்வாசிப் பேர் பல வருடம் இந்தத் திட்டை வாங்கியவர்கள். அவர்கள் முயன்றிருக்கிறார்கள். முயன்ற ஒவ்வொரு முறையும் கால் மரத்திருக்கிறது.

ஆனால் எல்லாக் கூனும் இப்படிப்பட்டதல்ல. டிஸ்குகள் பல இடத்தில் தேய்ந்து முன்பக்கம் சரிந்துவிட்டால், எலும்பு மெலிந்து முள்ளெலும்பு ஆப்பு வடிவில் நசுங்கிவிட்டால், அந்தக் கூன் எலும்பிலேயே உறைந்துபோனது. நரம்பை விடுவித்தாலும் அது நிமிராது. வீட்டிலேயே ஒரு சின்னப் பார்வை பார்க்கலாம். அப்பாவைத் தலையணை இல்லாமல் சமமான படுக்கையில் மல்லாக்கப் படுக்க வையுங்கள், பத்து நிமிடம் தளர்ந்து கிடக்கட்டும். தலையின் பின்பக்கம் படுக்கையைத் தொடுகிறதா? முழங்காலை நீட்டி வைக்க முடிகிறதா? இரண்டும் முடிந்தால் முதுகில் இன்னும் அசைவு இருக்கிறது என்று பொருள். இது பரிசோதனைக்கு மாற்று இல்லை, டாக்டரிடம் பேச ஒரு தகவல், அவ்வளவுதான்.

மழைத்துளி

ஆபரேஷனுக்கு முன்னால் இடுப்பு மூட்டையும் காலின் இரத்த ஓட்டத்தையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். என் அத்தைக்கு எம்.ஆர்.ஐ.யில் ஸ்டெனோசிஸ் இருந்தது உண்மை. ஆனால் அவரைக் குனிய வைத்தது தேய்ந்துபோன இடுப்பு மூட்டு. அதை மாற்றியதும் நிமிர்ந்துவிட்டார். முதுகைத் தொடவே இல்லை.

எலும்பும்நரம்பும் (முதுகுத்தண்டு அறுவை மருத்துவர்)

மழைத்துளி சொன்னது முக்கியம். காலில் இரத்தக்குழாய் அடைப்பு இருந்தாலும் நடந்தால் வலிக்கும். ஆனால் அவர்கள் சும்மா நின்றாலே போதும், வலி அடங்கிவிடும். ஸ்டெனோசிஸ்காரர் நின்றால் அடங்காது, குனியவோ உட்காரவோ வேண்டும். எம்.ஆர்.ஐ.யை மட்டும் நம்பி முடிவெடுக்கக் கூடாது என்பதற்கு 1990-இல் வந்த ஒரு ஆய்வு இன்றும் பாடம்: முதுகில் எந்தத் தொல்லையும் இல்லாத 67 பேரை ஸ்கேன் செய்தார்கள், அவர்களில் 60 வயதைத் தாண்டியவர்களில் 21 சதவீதம் பேருக்குப் படத்தில் ஸ்டெனோசிஸ் இருந்தது.

இனி உங்கள் அப்பாவின் கேள்வி. நேரடியாகவே சொல்கிறேன். இந்த ஆபரேஷன் காலுக்காகச் செய்யப்படுவது. நின்றால், நடந்தால் வரும் பிட்டம், தொடை, கெண்டைக்கால் வலிக்கு நல்ல பலன் உண்டு. முதுகுவலி குறையலாம், ஆனால் அதைக் கால்வலி அளவுக்கு நம்பிக்கையாகச் சொல்ல முடியாது. மரத்துப்போனது மெதுவாக, பாதியளவில் திரும்பலாம். பல மாதமாகப் பலம் இழந்த தசை திரும்பாமலும் போகலாம். இந்த நோயை 1954-இல் தெளிவாக விவரித்தவர் நெதர்லாந்து மருத்துவர் ஹெங்க் வெர்பீஸ்ட். அவர் எழுதியதும் நின்றால் வந்து உட்கார்ந்தால் போகும் கால் தொல்லையைப் பற்றித்தான்.

அமெரிக்காவில் 13 மையங்களில் நடந்த, ஸ்போர்ட் (SPORT) என்று சுருக்கிச் சொல்லப்படும் முதுகெலும்பு ஆய்வின் முடிவு 2008-இல் வந்தது. உண்மையில் ஆபரேஷன் செய்துகொண்டவர்கள், செய்யாதவர்களைவிட வலியிலும் நடமாட்டத்திலும் தெளிவாக நன்றாக இருந்தார்கள். நான்கு வருடம் வரை அந்த வித்தியாசம் நின்றது. எட்டு வருடத்தில், குலுக்கல் முறையில் பிரிக்கப்பட்ட பகுதியில் அது சுருங்கிவிட்டது. ஆக இது வாழ்நாள் உத்தரவாதம் இல்லை. ஆனால் 69 வயதில் நான்கைந்து வருட நல்ல நடை என்பது சின்ன விஷயமும் இல்லை.

இப்போது நிமிர்தல். நாங்கள் இதை அளக்கிறோம். நின்ற நிலையில் தலையிலிருந்து இடுப்பு மூட்டு வரை பக்கவாட்டில் ஒரு நீள எக்ஸ்ரே எடுத்து, கழுத்தின் அடி எலும்பான சி7-லிருந்து ஒரு தூக்குக்குண்டு நூல் தொங்குவதாக வைத்துக்கொள்வோம். அது முதுகெலும்பின் அடியில் இடுப்போடு சேரும் திருவெலும்பின் மேற்பகுதியின் (எஸ்1) பின்முனைக்கு எவ்வளவு முன்னால் விழுகிறது என்பதே கணக்கு. ஏறக்குறைய 5 சென்டிமீட்டருக்கு மேல் போனால் உடல் முன்னால் சரிந்திருக்கிறது என்போம். ஸ்க்ரூ இல்லாமல் வெறும் டிகம்ப்ரஷன் செய்தவர்களிடம் இந்த அளவு குறைவதையும், கீழ்முதுகின் உள்வளைவு கூடுவதையும் பல ஆய்வுகள் பார்த்திருக்கின்றன. நெடுநடை அவர்களுக்கு நடந்தது அதுதான். ஆனால் சிலருக்கு அது நடப்பதில்லை, அவர்களுக்கே முதுகுவலியும் அதிகம் மிஞ்சுகிறது.

யாருக்கு என்பதை ஓரளவு முன்கூட்டியே சொல்லலாம். ஒவ்வொருவரின் இடுப்பெலும்புக்கும் ஒரு கோணம் உண்டு. உயரம் மாதிரி அது அவரவர் எலும்பு அமைப்பு, வளர்ந்தபின் ஏறக்குறைய மாறாது. கீழ்முதுகின் உள்வளைவு அந்தக் கோணத்துக்கு 10 பாகைக்குள் பொருந்தியிருக்க வேண்டும் என்பது பொதுவான அளவுகோல். இடைவெளி 20, 25 பாகை என்று விரிந்திருந்தால் நரம்பை மட்டும் விடுவித்து நிமிர்வை எதிர்பார்ப்பது நியாயமில்லை.

உங்களிடம் இரண்டு டாக்டர்கள் சொன்னதில் இந்த நீள எக்ஸ்ரே வரவே இல்லை. எம்.ஆர்.ஐ. படுத்தபடி எடுப்பது, பெரும்பாலும் முழங்காலுக்குக் கீழே தலையணை வேறு. அந்த நிலையில் கூன் தெரியாது. அதோடு குனிந்தும் பின்னால் சாய்ந்தும் இரண்டு எக்ஸ்ரே எடுத்தால் நகர்ந்த எலும்பு ஆடுகிறதா, அசையாமல் நிற்கிறதா என்று தெரியும். இவற்றைப் பார்க்காமல் ஸ்க்ரூ வேண்டும் என்றோ வேண்டாம் என்றோ என்னால் சொல்ல முடியாது.

நீலக்குறிஞ்சி

டாக்டர், மிக்க நன்றி. இந்த எக்ஸ்ரே பற்றி யாரும் எங்களிடம் சொல்லவில்லை. கேட்டுப் பார்க்கிறேன். எலும்பு நகர்ந்திருந்தால் ஸ்க்ரூ கட்டாயம் என்று ஒரு டாக்டர் உறுதியாகச் சொன்னாரே, அது?

எலும்பும்நரம்பும்

கட்டாயம் என்ற சொல்லை இங்கே ஆய்வுகள் தாங்குவதில்லை. ஸ்வீடனில் 247 பேரைக் கொண்டு செய்த ஆய்வு 2016-இல் வந்தது. பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு எலும்பு நகர்வும் இருந்தது. டிகம்ப்ரஷன் மட்டும் ஒரு குழுவுக்கு, ஃப்யூஷனும் சேர்த்து மற்றக் குழுவுக்கு. இரண்டு வருடத்திலும் ஐந்து வருடத்திலும் பலனில் வித்தியாசம் இல்லை. ஃப்யூஷனுக்கு நேரம் கூடுதல், இரத்த இழப்பு கூடுதல், ஆஸ்பத்திரியில் இருந்த நாளும் கூடுதல். அதே சமயம் வெளியான அமெரிக்க ஆய்வு சிறியது, 66 பேர். அதில் ஃப்யூஷன் குழு உடல்திறன் மதிப்பெண்ணில் சற்று மேலே இருந்தது, மறு ஆபரேஷனும் குறைவு: 14 சதவீதம், டிகம்ப்ரஷன் குழுவில் 34. பிறகு 2021-இல் நார்வேயிலிருந்து 267 பேரின் முடிவு. எல்லாருக்கும் ஓரிடத்தில் நகர்வு இருந்தது, டிகம்ப்ரஷன் மட்டும் செய்ததே ஃப்யூஷனுக்கு ஈடாக நின்றது.

என் சொந்தக் கருத்து: ஆடாத நகர்வு, கால்வலியே பிரதானம், வளைவுக் கணக்கு பெரிதாகக் கெடவில்லை என்றால் சின்ன ஆபரேஷனிலிருந்து தொடங்குவேன். எலும்பு ஆடினால், நரம்பை விடுவிக்க, முள்ளெலும்புகளைப் பின்னால் இணைக்கும் பக்கமூட்டைப் பெரிதாக வெட்ட வேண்டியிருந்தால், பக்கவாட்டு வளைவும் சேர்ந்திருந்தால், ஸ்க்ரூவுக்கு நியாயம் உண்டு.

சாய்வுநாற்காலி

நான் இதில் எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். ஆனால் நீலக்குறிஞ்சி அப்பாவுக்காக எழுதுகிறேன்.

பதினோரு வருடத்துக்கு முன் எனக்கு மூன்று இடத்தில் ஸ்க்ரூ, கம்பி போட்டு ஃப்யூஷன் செய்தார்கள். எந்த ஆஸ்பத்திரி என்பது வேண்டாம். கால்வலி போனது, அதில் குறை இல்லை. ஆனால் எழுந்து நின்ற நாளிலிருந்தே முன்னால் யாரோ இழுப்பது போல் இருந்தது. போகப்போகச் சரியாகும் என்றார்கள். இரண்டு வருடத்தில், முழங்காலை லேசாக மடக்கிக்கொண்டு நின்றால்தான் எதிரே இருப்பவரின் முகத்தைப் பார்க்க முடியும் என்ற நிலை. முன்தொடை எரியும். மாலையானால் முதுகின் மேல்பாதி முழுக்கக் கல் கட்டியதுபோல் இருக்கும்.

வேறொரு டாக்டர்தான் நீள எக்ஸ்ரே எடுத்து விளக்கினார். என் கீழ்முதுகை அதன் வளைவு இல்லாமல் பலகைபோலத் தட்டையாக வைத்து இணைத்துவிட்டார்களாம். தட்டையாக இணைத்த முதுகு உடலை முன்னால் தள்ளுகிறது. அதைச் சமாளிக்க நான் இடுப்பைப் பின்னால் உருட்டி, முழங்காலை மடக்கி நிற்கிறேன். என் பலவீனம் என்று பத்து பேர் சொன்னதை, ஒரு கோட்டை வரைந்து, அப்படி இல்லை என்று அவர் காட்டினார். பிறகு இணைந்த எலும்பை ஆப்புபோல வெட்டி வளைவை மீட்கும் இரண்டாவது ஆபரேஷன். ஏழெட்டு மணி நேரம் ஆனது, தேற ஒரு வருடம். இப்போது நேராக நிற்கிறேன், ஆனால் என் காலணி வாரை நானே கட்ட முடியாது. இடுப்பு மடங்குவதில்லை.

பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. ஸ்க்ரூ வைப்பதென்றால், "எந்த வளைவில் வைத்து இணைப்பீர்கள், என் இடுப்பின் கோணத்துக்கு எவ்வளவு வேண்டும்?" என்று கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். எனக்கு அந்தக் கேள்வி தெரியாமல் போயிற்று.

எலும்பும்நரம்பும்

சாய்வுநாற்காலி அம்மா, எழுதியதற்கு நன்றி. இதைத் தட்டை முதுகு என்போம். முதலில் இது வெளிச்சத்துக்கு வந்தது ஹாரிங்டன் கம்பிகளால். பக்கவாட்டு வளைவை நிமிர்த்த அந்தக் கம்பி முதுகெலும்பை நீட்டி விரித்தது, அது கீழ்முதுகு வரை போனவர்களுக்கு உள்வளைவே தட்டையானது. பல வருடம் கழித்து அவர்கள் முன்னால் சரிந்தார்கள். அந்த அனுபவத்திலிருந்துதான் இன்றைய அளவுகள் பல வந்தன. கீழ்முதுகின் மொத்த வளைவில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு எல்4-க்கும் எஸ்1-க்கும் இடையிலேயே இருக்கிறது. ஸ்டெனோசிஸ் அதிகம் வருவதும், ஃப்யூஷன் அதிகம் செய்வதும் அந்தப் பகுதியில்தான். அங்கே சில பாகை குறைந்தாலும் மேலே உள்ள முதுகு முழுவதும் விலை கொடுக்கும்.

பிரெஞ்சு மருத்துவர் ழான் டுபூசே இதை ஒரு கூம்பாகச் சொன்னார். பாதத்திலிருந்து மேலே விரியும் ஒரு கற்பனைக் கூம்பு. அதன் நடுவில் உடல் இருந்தால் நிற்பதற்குத் தசைக்கு வேலை மிகக் குறைவு. ஓரத்துக்குப் போகப் போக நிற்பதே உழைப்பு. நீங்கள் சொன்ன தொடை எரிச்சலும் மாலைக் கனமும் அந்த உழைப்பின் வலி. நரம்பு வலிக்கும் இதற்கும் தொடர்பில்லை, அதனால் நரம்பு மாத்திரை எதுவும் இதில் வேலை செய்யாது.

தனிவழி

எல்லாரும் எந்த ஆபரேஷன் என்றே பேசுகிறீர்கள். செய்யாமல் இருக்கலாமே? என் அம்மா ஆறு வருடமாக உடற்பயிற்சியிலேயே ஓட்டுகிறார். 2015-இல் வந்த ஒரு அமெரிக்க ஆய்வில் 169 பேரை ஆபரேஷன், பிசியோ என்று பிரித்தார்கள். இரண்டு வருடத்தில் இரண்டும் ஒன்றுபோலவே இருந்தன. வெட்டாமலே அதே பலன் கிடைக்கும்போது எதற்கு வெட்ட வேண்டும்?

அசைவு

தனிவழி, நானே பிசியோ, உங்கள் பக்கம் பேசத்தான் எனக்கு ஆசை. ஆனால் அந்த ஆய்வை முழுதாகப் படிக்க வேண்டும். பிசியோ குழுவில் 57 சதவீதம் பேர் இடையில் ஆபரேஷனுக்கு மாறிவிட்டார்கள். அவர்களையும் பிசியோ கணக்கிலேயே வைத்துத்தான் அந்த ஒப்பீடு. மீதிப் பேர் வெட்டாமலே சமாளித்தார்கள் என்பதும் உண்மை. அதனால் முதலில் முயற்சி செய்து பார்ப்பது முற்றிலும் சரி. நல்ல பயிற்சி மூன்று மாதமாவது கொடுக்காமல் நான் யாரையும் அனுப்புவதில்லை. உங்கள் அம்மா நன்றாக இருப்பது எனக்கு உண்மையிலேயே சந்தோஷம். இந்த நோய் எல்லாருக்கும் மோசமாகிக்கொண்டே போவதில்லை, பலருக்கு வருடக்கணக்கில் ஒரே அளவில் நிற்கும்.

முதுகில் போடும் ஸ்டீராய்டு ஊசியையும் சிலர் கேட்பார்கள். 400 பேரில் செய்து 2014-இல் வந்த ஆய்வில், மரப்பு மருந்தோடு ஸ்டீராய்டு சேர்த்தாலும் சேர்க்காவிட்டாலும் ஆறு வாரத்தில் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் இல்லை.

காத்திருக்கக் கூடாத சமயம் ஒன்று உண்டு, எல்லாரும் நினைவில் வையுங்கள். தொடை இடுக்கிலும் மலத்துவாரத்தைச் சுற்றியும் உணர்ச்சி குறைவது, சிறுநீர் வராமல் அடைத்துக்கொள்வது அல்லது தெரியாமல் போவது, பாதம் தொங்கிப்போவது. அன்றே ஆஸ்பத்திரி.

வேலிப்பூ

என் மாமனாரும் இதேபோல் குனிந்தார், படுத்தால் நேராகிவிடுவார். ஸ்டெனோசிஸ் என்றுதான் நினைத்தோம். கடைசியில் பார்க்கின்சன். கை ஆடவில்லை என்பதால் யாருக்கும் தோன்றவில்லை. நரம்பியல் டாக்டரையும் ஒருமுறை பாருங்கள்.

எலும்பும்நரம்பும்

அவசியமான எச்சரிக்கை. பார்க்கின்சன் கூனும் படுத்தால் மறையும், அசைவு சொன்ன படுக்கைச் சோதனையில் அதுவும் நிமிரும் கூனாகத்தான் தெரியும். நடை சின்னச் சின்ன அடியாகிறதா, முகபாவம் குறைகிறதா, கையெழுத்து சிறுக்கிறதா என்று கவனியுங்கள். அதேபோல் சட்டைப் பொத்தான் போடக் கை தடுமாறினால் கழுத்திலும் நெருக்கடி இருக்கலாம், இரண்டு இடத்திலும் ஒரே நேரத்தில் குறுகுவது அரிதல்ல.

நீலக்குறிஞ்சி

மூன்று வாரம் கழித்து வருகிறேன். நீங்கள் சொன்ன எல்லாம் செய்தோம்.

படுக்கையில் தலை தொட்டது, முழங்கால் நீண்டது. ஆனால் இரண்டு நிமிடத்தில் கால் மரத்துவிட்டது என்று மடக்கிக்கொண்டார். இடுப்பு மூட்டு நன்றாக இருக்கிறது, பாதத்தில் நாடி தெளிவாகக் கிடைத்தது. நரம்பியல் டாக்டர் பார்க்கின்சன் இல்லை என்றார். நீள எக்ஸ்ரேயில் அந்த நூல் 7 சென்டிமீட்டர் முன்னால் விழுகிறது. இடுப்புக் கோணம் 52, கீழ்முதுகு வளைவு 41. நகர்ந்த எலும்பு குனிந்தாலும் சாய்ந்தாலும் ஒரே இடத்தில்தான் இருக்கிறது. மூன்று மாதப் பயிற்சி ஏற்கெனவே போன வருடமே செய்துவிட்டார், அதில் நடை 50 மீட்டர் கூடியது, அப்புறம் நின்றுவிட்டது.

இந்தப் படங்களோடு முதல் டாக்டரிடம் திரும்பப் போனோம். அவர் நேரமெடுத்துப் பார்த்துவிட்டு, எல்4-எல்5 மட்டும் டிகம்ப்ரஷன், ஒரு பக்கமாக நுழைந்து இரண்டு பக்கமும் விடுவிப்பதாகச் சொன்னார். நிமிர்வாரா என்று அப்பா மறுபடி கேட்டார். "கால்வலி விட்டுப்போனால் உங்கள் முதுகு எவ்வளவு தாங்குமோ அவ்வளவு நிமிரும். முழுசா என்று வாக்குக் கொடுக்க மாட்டேன்" என்றார். அப்பாவுக்கு அந்தப் பதில் போதுமானதாக இருந்தது. வெளியே வந்து, சரி, செய்துகொள்கிறேன் என்றார்.

எலும்பும்நரம்பும்

52-க்கு 41 என்றால் 11 பாகை இடைவெளி. அது எல்லைக்கோட்டில் இருக்கிறது. அவர் வலிக்காகக் குனிந்து நின்ற நேரத்தில் எடுத்த படம் என்பதால், உண்மையான இடைவெளி இதைவிடக் குறைவாகவும் இருக்கலாம். உங்கள் டாக்டர் சொன்ன பதிலைத்தான் நானும் சொல்லியிருப்பேன். ஒன்று மட்டும்: நரம்பைச் சுற்றியுள்ள உறை சிலருக்குக் கிழியலாம், அப்போதே தைத்துவிடுவார்கள், ஓரிரு நாள் படுக்கை கூடலாம். கேட்டால் பதறாதீர்கள்.

நெடுநடை

நீலக்குறிஞ்சி, அப்பாவிடம் சொல்லுங்கள்: முதல் இரண்டு வாரம் முதுகைப் பார்த்து முடிவு கட்ட வேண்டாம். காலைக் கவனிக்கச் சொல்லுங்கள்.

அசைவு

ஆபரேஷனுக்குப் பிறகு நிமிர்வதில் மூன்று இடத்தில் நான் அதிகம் வேலை செய்வேன். பல வருடம் குனிந்தவருக்கு இடுப்பின் முன்பக்கத் தசை குறுகியிருக்கும், நரம்பு விடுபட்டாலும் அது அவரை முன்னால் பிடித்து இழுக்கும். மெதுவாக நீட்டிக் கொடுக்க வேண்டும். பிட்டத் தசையும் முதுகை நிமிர்த்தும் தசையும் சோர்ந்திருக்கும். அவர் எம்.ஆர்.ஐ.யில் முதுகுத் தசைக்குள் கொழுப்பு எவ்வளவு ஊடுருவியிருக்கிறது என்று டாக்டரைக் கேளுங்கள். அதிகமிருந்தால் தேற நாளாகும். அப்புறம் பயம். நிமிர்ந்தால் மரத்துவிடும் என்று உடம்பு கற்றுவைத்திருக்கிறது. அந்தப் பாடத்தை மறக்க வைக்கச் சிறு நடைகள்தான் வழி, ஒரு நாளைக்கு ஐந்தாறு முறை.

வாக்கர் கொடுத்தால் அதன் உயரத்தைச் சரிபாருங்கள். தாழ்வாக வைத்த வாக்கர் பழைய கூனைத் திரும்பப் பழக்கிவிடும். நேராக நின்று கையைத் தொங்கவிட்டால் கைப்பிடி மணிக்கட்டு உயரத்தில் இருக்க வேண்டும்.

நீலக்குறிஞ்சி

ஆபரேஷன் முடிந்து நான்கு மாதம். இழையைப் படிப்பவர்களுக்கு உள்ளதை உள்ளபடி எழுதுகிறேன்.

கால்: மூன்றாம் நாளே பின்தொடைக் கனம் இல்லை. இப்போது ஒரே மூச்சில் ஒன்றரை கிலோமீட்டர் நடக்கிறார். இடது பெருவிரலில் மரமரப்பு அப்படியே இருக்கிறது.

முதுகு: வலி முழுதாகப் போகவில்லை. முன்பு பத்துக்கு ஆறு என்பார், இப்போது மூன்று. தரையிலிருந்து எதையாவது எடுத்தபின் சற்று நேரம் பிடித்துக்கொள்கிறது.

நிமிர்வு: போன வாரம் அதே நீள எக்ஸ்ரே. நூல் 7-லிருந்து 4 சென்டிமீட்டருக்கு வந்திருக்கிறது, வளைவு 41-லிருந்து 46. காலையில் பார்த்தால் பழைய அப்பாதான். வாசல் நிலையில் தலை இடித்துக்கொண்டார், அவ்வளவு காலமாக அவர் அந்த உயரத்தில் இல்லை. ஆனால் மாலை ஐந்து மணிக்கு மேல் மெல்ல முன்னால் சரிகிறார். கால் மரக்கவில்லை என்கிறார், அசதி என்கிறார். இது திரும்ப வருவதன் அறிகுறியா?

சாய்வுநாற்காலி

தலை இடித்தது என்று படித்ததும் எனக்கு எவ்வளவு மகிழ்ச்சி தெரியுமா. மாலைச் சரிவு எனக்கும் முதல் வருடம் இருந்தது. மதியம் அரை மணி நேரம் சமமாகப் படுத்து எழுவது எனக்கு உதவியது.

அசைவு

கால் மரக்காமல் அசதியால் மட்டும் சரிந்தால் அது தசையின் தாக்குப்பிடிப்பு குறைவு. நான்கு மாதத்தில் எதிர்பார்க்கக்கூடியதே. மதிய ஓய்வு சரி. பயிற்சியைக் காலையில் ஒரே தடவை செய்யாமல் பாதியை மாலை நான்கு மணிக்கு மாற்றுங்கள். சுவரில் குதிகால், பிட்டம், முதுகு சாய்த்து ஒரு நிமிடம் நிற்பது, அப்படி நான்கு தடவை. சரியத் தொடங்கும் நேரத்தைத் தினமும் குறித்து வையுங்கள். ஐந்து மணி என்பது மெல்ல ஆறாகி ஏழாக வேண்டும். அப்படி நகராமல் முன்னால் வந்துகொண்டே இருந்தாலோ, சரியும்போது கால் கனத்தாலோ, அடுத்த எக்ஸ்ரேவுக்குக் காத்திருக்காமல் டாக்டரிடம் போங்கள்.

நீலக்குறிஞ்சி

இன்று 5.20. குறித்துக்கொண்டேன்.